ஒரே மின்மினி... ஊருக்கு ஊர் வேறு வெளிச்சம்!

‘வாய்க்கால் ஓரத்தில் முன்பெல்லாம் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக மின்னும். இப்போது ஒன்றிரண்டைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வேறு எங்கிருந்தாவது பிடித்துவந்து விட்டால் மறுபடியும் பெருகுமா?’

இரசாயனத்தைக் கைவிட்டு இயற்கை விவசாயத்துக்குத் திரும்பும் யாருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது. கேட்பதற்கு எளிய யோசனையாகவும் தெரியும். ஆனால், இதை ஏற்கெனவே செய்து பார்த்து, கை சுட்டுக்கொண்ட நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான். அங்கே என்ன தவறு நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மின்மினியின் வயிற்றில் எரியும் அந்தச் சிறு விளக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த விளக்கை ஏற்றும் மரபணு எல்லா மின்மினிகளிலும் ஒன்றுபோல இருப்பதில்லை.

ஒரே பால்... வேறு வேறு உறைமோர்!

மின்மினியின் அடிவயிற்றில் இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, ‘லூசிஃபெரின்’ என்ற வேதிப்பொருள். மற்றொன்று, ‘லூசிஃபரேஸ்’ என்ற நொதி. இவற்றோடு ஆக்சிஜனும், எல்லா உயிர்களின் செல்களிலும் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏ.டி.பி என்ற மூலக்கூறும் சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. விளக்குத் திரிபோல இது சுடுவதில்லை. அதனால்தான் மின்மினியைக் கையில் பிடித்தாலும் சூடு தெரிவதில்லை.

உலகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. ஒளிரும் இனங்கள் அனைத்தும் பயன்படுத்தும் லூசிஃபெரின் ஒன்றேதான். ஆனால், சில மின்மினிகள் பச்சையாக மின்னுகின்றன; சில மஞ்சளாக மின்னுகின்றன. எரிபொருள் ஒன்றாக இருக்கும்போது நிறம் மட்டும் எப்படி மாறும்?

வித்தியாசம் நொதியில் இருக்கிறது. ஒரே மாட்டின் பாலை இரண்டு வீட்டுக்குக் கொடுத்தாலும், அவரவர் ஊற்றும் உறைமோரைப் பொறுத்துத் தயிரின் பக்குவம் மாறுகிறதல்லவா? அதுபோல லூசிஃபெரின் ஒன்றாகவே இருந்தாலும், அதைக் கையாளும் லூசிஃபரேஸின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுகிறது. அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது லூசிஃபரேஸ் மரபணு.

100 பூச்சிகளுக்கு 25 சென்ட்!

இந்த ரகசியம் தெரியவந்த கதையில் சிறுவர்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய் என்ற உயிர்வேதியியல் அறிஞர் இருந்தார். ஆராய்ச்சிக்கு அவருக்கு ஆயிரக்கணக்கில் மின்மினிகள் தேவைப்பட்டன. 100 பூச்சிகளுக்கு 25 சென்ட் என்று விலை வைத்து, ஊர்ச் சிறுவர்களிடம் வாங்கினார். மின்மினி ஒளிர ஏ.டி.பி தேவை என்பதை 1947-ம் ஆண்டு அவர் கண்டறிந்தார்.

பின்னாளில் வணிக நிறுவனங்களும் இப்படிப் பூச்சிகளை விலைக்கு வாங்கின. லூசிஃபரேஸ் வேண்டுமென்றால் மின்மினியைக் கொல்ல வேண்டும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 1985-ல் அது மாறியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில், மார்லீன் டிலூகாவும் டொனால்டு ஹெலின்ஸ்கியும் இடம்பெற்ற குழு, ‘ஃபோட்டினஸ் பைராலிஸ்’ என்ற வட அமெரிக்க மின்மினியின் லூசிஃபரேஸ் மரபணுவைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவுக்குள் செலுத்தியது. பாக்டீரியாவே நொதியைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1986-ல், அதே மரபணுவைப் புகையிலைச் செடியில் சேர்த்தார்கள். லூசிஃபெரின் கலந்த நீரை உறிஞ்சிய அந்தச் செடி இருட்டில் ஒளிர்ந்தது. அதன் புகைப்படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

548 மணிகள்... மாறியது ஒன்றுதான்!

லூசிஃபரேஸ் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த ஒரு மாலை. வட அமெரிக்க ஃபோட்டினஸ் மின்மினியில் 550 மணிகள். ஜப்பானின் ‘கெஞ்சி’ மின்மினியில் 548 மணிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மணிகள் ஒன்றாக இருக்கும். மீதி வேறு. இரண்டின் வம்சங்களும் பிரிந்து, தனித்தனியாக மாறிவந்த காலத்தில் சேர்ந்த வித்தியாசம் அது.

இந்த மணிகளில் ஒன்று மாறினால் என்ன ஆகும்? கெஞ்சி மின்மினியின் நொதியில் 286-வது இடத்தில் இருப்பது செரின் என்ற அமினோ அமிலம். அதன் இடத்தில் அஸ்பாரஜின் வந்தால், மஞ்சள் கலந்த பச்சை வெளிச்சம் சிவப்பாக மாறிவிடுகிறது. ஒளியின் அலைநீளம் 560 நானோமீட்டரிலிருந்து 605 நானோமீட்டருக்கு நகர்கிறது. 548-ல் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

2006-ம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்த நொதியின் உள் அமைப்பைப் படமெடுத்து, காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். சாதாரண நொதி, ஒளி பிறக்கும் தருணத்தில் லூசிஃபெரினை நாலாபுறமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஆற்றல் வீணாவதில்லை, பச்சை கிடைக்கிறது. மாறிய நொதியால் அப்படி இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. கொஞ்சம் ஆற்றல் கசிந்துவிடுகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் சிவப்புப் பக்கம் சாய்கிறது.

மரபணு மாற்றம் நிறத்தோடு நிற்பதில்லை. இயற்கையான லூசிஃபரேஸ், சூட்டில் சீக்கிரமே செயலிழந்துவிடும். அதே கெஞ்சி நொதியில் 217-வது இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்தால், சூட்டைத் தாங்கும் வலு கிடைக்கிறது. இதை 1993-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இப்படி வலுவூட்டிய நொதிகள்தாம் இன்று உணவுத் தொழிற்சாலைகளிலும் பால் பண்ணைகளிலும் சுத்தத்தைச் சோதிக்கப் பயன்படுகின்றன. கழுவிய கேனையோ கறவை இயந்திரத்தையோ ஒரு பஞ்சுக் குச்சியால் தேய்த்து, லூசிஃபரேஸ் உள்ள திரவத்தில் நனைப்பார்கள். பால் எச்சமோ கிருமியோ ஒட்டியிருந்தால் அவற்றின் ஏ.டி.பி-யால் வெளிச்சம் வரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு அழுக்கு. கிருமியை வளர்த்துப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்.

அந்தியில் மஞ்சள்... இருட்டில் பச்சை!

சோதனைக்கூடத்தில் மனிதர்கள் மாற்றிப் பார்ப்பதை, இயற்கை எத்தனையோ லட்சம் ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. வட அமெரிக்காவில் 55 மின்மினி இனங்களின் வெளிச்சத்தை அளந்த ஆராய்ச்சியாளர்கள், 1980-ல் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் பறக்கும் இனங்களில் பெரும்பாலானவை மஞ்சளாக மின்னுகின்றன. நன்றாக இருட்டிய பிறகு பறப்பவற்றில் பெரும்பாலானவை பச்சையாக மின்னுகின்றன.

காரணம், செடிகொடிகள். அந்தி வெளிச்சம் இலைகளில் பட்டுப் பச்சையாகத் திரும்பி வரும். அந்தப் பச்சைக்கு நடுவே பச்சை விளக்கு எடுபடாது. மஞ்சள் பளிச்சென்று தெரியும். இருட்டிய பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. இணையின் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் கொண்ட பூச்சிக்கே சந்ததி உண்டு. இப்படித்தான் ஒவ்வோர் இனத்தின் நிறமும் அதன் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பத் தேறி வந்திருக்கிறது.

ஒரே இனத்துக்குள்ளேயும் இந்த வேறுபாடு உண்டு. இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம், ஜமைக்கா தீவில் வாழும் ஒளிரும் வண்டு. இது மின்மினி அல்ல. மின்மினிக்குத் தூரத்து உறவான சொடுக்கு வண்டு வகையைச் சேர்ந்தது. ஆனால், லூசிஃபெரின் அதேதான். இந்த வண்டு பறக்கும்போது வயிற்றுப் பக்கம் ஒரு விளக்கு எரியும். ஒரு வண்டில் அது மஞ்சள் கலந்த பச்சை, இன்னொன்றில் மஞ்சள், வேறொன்றில் ஆரஞ்சு. வண்டுகளின் லூசிஃபரேஸ் மரபணுவை ஒப்பிட்டபோது, சில அமினோ அமிலங்களின் மாற்றமே காரணம் என்று தெரிந்தது. பச்சையிலிருந்து ஆரஞ்சை நோக்கிய மாற்றத்துக்கு இயற்கைத் தேர்வு துணை நின்றிருக்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நெல்லில் குழியடிச்சான் உவர் நிலத்தைத் தாங்குகிறது என்றால், அந்தக் குணம் ஒரே நாளில் வந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் நின்று தேறியது. மின்மினியின் வெளிச்சமும் அப்படித்தான்.

நெல் வயலுக்கென்றே ஒரு மின்மினி!

ஜப்பானில் கெஞ்சி மின்மினி ஓடைகளில் வாழும். ‘ஹெய்கே’ என்ற இன்னொரு மின்மினி நெல் வயலிலும் தேங்கிய நீரிலும் வாழும். இரண்டின் புழுக்களும் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, நத்தைகளைத் தின்னும். 2018-ம் ஆண்டு வட அமெரிக்க ஃபோட்டினஸ் மின்மினியோடு, இந்த ஹெய்கே மின்மினியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து வெளியிட்டார்கள்.

அதில் லூசிஃபரேஸின் பூர்விகமும் தெளிவானது. கொழுப்பு அமிலங்களைக் கையாளும் சாதாரண நொதி ஒன்று எல்லாப் பூச்சிகளிலும் இருக்கிறது. அதற்கான மரபணு மின்மினியின் முன்னோரில் இரட்டித்து, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு பிரதி மெள்ள மெள்ள மாறி விளக்கேற்றக் கற்றுக்கொண்டது. பிறகு அதுவும் இரண்டானது. கெஞ்சியிலும் ஹெய்கேயிலும் ஒரு லூசிஃபரேஸ், புழுவின் விளக்கிலும் வளர்ந்த பூச்சியின் விளக்கிலும் வேலை செய்கிறது. மற்றொன்று, முட்டையிலும் கூட்டுப்புழுவிலும் மங்கலான பச்சை ஒளியைத் தருகிறது. ஆம், மின்மினியின் முட்டையும் ஒளிரும்.

இன்றைய மின்மினிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆதி மின்மினியின் லூசிஃபரேஸ் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அதைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கியும் பார்த்தார்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், ஆதி நொதி பச்சையாக ஒளிர்ந்தது. இன்றைய மின்மினிகளின் மரபணுக்களில் வேறுபாடுகள் இருந்ததால்தான் இந்தக் கணக்கையே போட முடிந்தது. எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டால், பின்னோக்கிப் படிக்க எதுவும் மிஞ்சாது.

இங்கே 2 விநாடி... அங்கே 4 விநாடி!

இனி, பிடித்துவந்து விடும் கதைக்கு வருவோம்.

கெஞ்சி மின்மினி ஜப்பானியர்களின் உயிரோடு கலந்தது. ஷிகா மாநிலத்தின் மொரியாமா ஊர் மின்மினிக்குப் பெயர் போனது. அங்கிருந்து பெருநகரங்களுக்கு மின்மினிகளைப் பிடித்து அனுப்பும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 1924-ல் மொரியாமா மின்மினியை இயற்கைச் சின்னமாக அரசு அறிவித்தது. ஆனாலும் அவை அழிந்தன. 1960-ல் அந்த அறிவிப்பே விலக்கிக்கொள்ளப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலும் ஓடைகளுக்கு சிமென்ட் கரை கட்டியதும், கழிவுநீரும், பூச்சிக்கொல்லியும் மின்மினியை விரட்டின.

பிறகு மக்கள் விழித்துக்கொண்டார்கள். ஓடைகளைச் சுத்தம் செய்தார்கள். மின்மினி வர வேண்டுமே என்ற ஆசையில், பல ஊர்களில் வெளியிலிருந்து மின்மினிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் கெஞ்சிதானே என்று நினைத்தார்கள்.

ஆனால், எல்லாம் ஒன்றல்ல. மேற்கு ஜப்பானின் ஆண் கெஞ்சி, சுமார் 2 விநாடிக்கு ஒரு முறை மின்னும். கிழக்கு ஜப்பானில் அது சுமார் 4 விநாடி. இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதிகளில் 3 விநாடி தாளத்தில் மின்னுவதும் உண்டு. மரபணுவைப் பார்த்தாலும் கிழக்கும் மேற்கும் தனித்தனிக் கிளைகள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வெளிச்சத்தின் நிறத்தை லூசிஃபரேஸ் தீர்மானிக்கிறது. விட்டு விட்டு மின்னும் தாளத்தையோ மின்மினியின் நரம்பு மண்டலம் தீர்மானிக்கிறது. ஆகவே, ஒரு பகுதியின் மின்மினி என்பது ஒற்றை மரபணு அல்ல. நிறம், தாளம், பருவம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. வெளியூர்ப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால், அந்தக் கட்டு முழுவதும் வந்து இறங்குகிறது.

நாகானோ மாநிலத்தின் தட்சுனோ ஊரில் அதுதான் நடந்தது. அது கிழக்கு வகை மின்மினிகளின் பூமி. 1960-களில் சுற்றுலாவுக்காக அங்கு மேற்கு வகை மின்மினிகள் கொண்டுவரப்பட்டன. அவை பெருகின. மின்மினி பார்க்க மக்கள் திரண்டார்கள். ஆனால், பின்னாளில் ஆய்வு செய்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் மின்னிக்கொண்டிருந்தவை வெளியூர் மின்மினிகள் என்பது தெரிந்தது. உள்ளூர் மின்மினிகள் அருகி வந்தன. கூட்டம் பெருத்திருந்ததால், இழப்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

காங்கேயம் மாடு நின்ற தொழுவத்தில் ஜெர்சியைக் கட்டிவிட்டு, ‘மாடு இருக்கிறதே’ என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். அதுவும், தொழுவத்தில் இருக்கும் மாட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஓடையில் கலந்த மரபணுவைப் பிரித்தெடுக்க வழியில்லை.

ஜப்பானில் மின்மினி ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்த அமைப்பு, 2007-ல் இதற்காகவே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சாரம் இதுதான்: முதலில் இடத்தைச் சீர்செய்யுங்கள், மின்மினி தானாக வரக் காத்திருங்கள், விட்டே ஆக வேண்டுமென்றால், அதே நீர்நிலையைச் சேர்ந்த பூச்சிகளின் சந்ததியை மட்டும் விடுங்கள்.

நம் வயலுக்கு என்ன பாடம்?

தமிழ்நாட்டிலும் மின்மினிச் செல்வம் இருக்கிறது. 2022 ஏப்ரலில், ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கோடிக்கணக்கில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னியதை வனத்துறையினரும் ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். அதைப் பார்த்ததும் ஒரு டப்பாவில் பிடித்துவந்து ஊரில் விடலாமே என்று ஆசை வரலாம். ஆனால், மலைக்காட்டு மின்மினி வேறு. நம் வரப்போர மின்மினி வேறு.

பாடம் எளிது. விதையைத் தேடி அலைய வேண்டாம். மண்ணைத் தயார் செய்தால் போதும். ஒன்றிரண்டு மின்மினிகள் இன்னும் மின்னுகின்றன என்றால், அவைதாம் விதை நெல். அவற்றைக் காப்பாற்ற, விவசாயி தன் நிலத்திலேயே செய்யக்கூடியவை இவை...

* புழுப் பருவம்தான் மின்மினியின் வாழ்க்கையில் மிக நீண்டது. அது ஈரமான மண்ணிலும் இலைச் சருகிலும் நீரிலும் கழிகிறது. வரப்பையும் வாய்க்கால் கரையையும் மொட்டையாகச் செதுக்காமல், ஒரு பக்கமாவது புல்லும் சருகும் இருக்கட்டும்.

* பூச்சிக்கொல்லி புழுவைக் கொல்லும். நத்தைக்கொல்லி அதன் இரையை அழிக்கும். இரண்டையும் தவிர்த்தால் மின்மினி நிற்கும்.

* மோட்டார் கொட்டகை விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டியதில்லை. வெள்ளை எல்.இ.டி வெளிச்சத்தில் மின்மினியின் சைகை எடுபடாது. இணை சேராவிட்டால் அடுத்த ஆண்டு சந்ததி இல்லை.

* குடியிருப்பை ஒட்டிய நிலமானால், விளக்குக்கு மூடி போட்டு, வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி திருப்பிவிடலாம்.

சந்தேகம் தீர்ப்போம்!

மின்மினியால் பயிருக்குச் சேதம் உண்டா?

இல்லை. பெரும்பாலான இனங்களின் புழுக்கள் நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு போன்றவற்றை உண்ணும். வளர்ந்த பூச்சிகளில் பல இனங்கள் இரை எடுப்பதே அரிது. இலங்கையிலும் இந்தியாவிலும் காணப்படும் ‘லாம்ப்ரிஜெரா’ வகை மின்மினிகளின் பெரிய புழுக்கள், பயிரை நாசம் செய்யும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளையே வேட்டையாடும்.

விளக்குப்பொறி வைத்தால் மின்மினி பாதிக்கப்படுமா?

வெளிச்சம் எதுவானாலும் மின்மினிக்குத் தொந்தரவுதான். பொறியை இரவு முழுக்க எரியவிடாமல், தாய் அந்துப்பூச்சிகள் அதிகமாக நடமாடும் முன்னிரவு நேரத்தோடு அணைத்துவிடுவது நல்லது. மின்மினிகள் நடமாடும் வாய்க்கால் ஓரத்திலிருந்து தள்ளி வைக்கவும்.

இருட்டில் ஒளிரும் செடி விற்பனைக்கு வந்திருக்கிறதாமே... அதில் இருப்பது மின்மினி மரபணுவா?

இல்லை. அமெரிக்காவில் 2024-ல் விற்பனைக்கு வந்த ஒளிரும் பெட்டூனியா செடிக்கு, மின்மினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவை ஒளிரும் காளானின் மரபணுக்கள். மின்மினி மரபணு சேர்த்த 1986-ம் ஆண்டுப் புகையிலைக்கு லூசிஃபெரினை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியிருந்தது. காளான் மரபணுக்கள் சேர்த்த செடி, தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

வெளியூர் மின்மினியை விட்டுவிட்டு, பிறகு தவறு என்று தெரிந்தால் திருத்த முடியுமா?

கிட்டத்தட்ட முடியாது. உள்ளூர்ப் பூச்சியோடு இணை சேர்ந்துவிட்டால், இரண்டின் மரபணுக்களும் கலந்துவிடும். விடுவதற்கு முன் யோசிப்பது ஒன்றே வழி.